கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி

“ஏன் மாமி, அந்தப் பிள்ளையக் கொன்னு போட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போய்ப் படுத்துக்கிட்டீய. இங்க ஆறு பேருக்குச் சோறு எறங்க வேண்டாமா?”

“நான் எங்க கொன்னேன் சுலைகா? எழுதினவன் கொன்னான். நான் படிச்சேன், அவ்வளவுதான்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்க வாயிலருந்துதான வந்துச்சு? அவ உசிரோட இருக்கும்போதே நிப்பாட்டியிருக்கலாம்லா?”

சத்தம் போட்டுப் படிப்பது என்பது, எவனோ செய்த கொலைக்கு நாம் பதில் சொல்லும் தொழில். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. தொண்டை கட்டினால் ஐயோ பாவம் என்பார் இல்லை. ஒரு திகில் நாவலாவது கையில் இல்லாவிட்டால் மத்தியானம் நகராது என்று கஷ்டப்படுகிற என் ஜாதிக்காரர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் சமையல் குறிப்புப் பக்கத்துக்குப் போகலாம்.

நான் மும்பை மாட்டுங்காக்காரி. கான்வென்ட்டில் படித்ததால் தமிழ் எழுத்து கல்யாணத்துக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. கிங்ஸ் சர்க்கிளில் நேந்திரங்காய் வறுவலுக்குப் பக்கத்தில் தொங்கும் மாத நாவல்கள்தான் எனக்கு வாத்தியார். தமிழில் நான் தடுக்காமல் படித்த முதல் வார்த்தை ‘சடலம்’. இப்போது தமிழோ இங்கிலீஷோ, அட்டையில் ஒரு இருட்டு வீடு இருந்தால் போதும், வாங்கிவிடுவேன்.

ஒரு நாள் கைப்பையின் ஜிப் போய், தாராவியில் ஒரு கார்கானாவுக்குப் போனேன். தோல் பை தைக்கும் பட்டறை. மாடியில் ஒரே அறை. நடத்துகிறவள் சுலைகா, மேலப்பாளையத்துக்காரி. என்னைவிட மூத்தவள், ஆனாலும் என்னை மாமி என்றுதான் கூப்பிடுவாள்; சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். ஜிப் மாற்றும் வரைக்கும் நாவலைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். “அப்படி என்ன மாமி அதுல, கண்ண எடுக்காமப் பாக்கீய?” என்றாள். சொன்னேன். ஒவ்வொரு மிஷினாக நின்றது. ஒரு ஜிப்புக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று.

அதிலிருந்து இது வழக்கம். சாப்பாடு ஆனதும் போனை எதிரில் வைத்து ஒரு அத்தியாயம் படிப்பேன். வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அங்கே அலமாரி மேல் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்கள். குரூப்புக்குப் பெயர் ‘கொலைகார மாமி’. வைத்தவள் யார் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். கார்கானா காலி. ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். எங்கள் நாவலில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி நிற்கிறது. எப்படி முடிக்கப் போகிறேன் என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

கீழே சும்மா கிடக்கும் அறை

அது வெளிநாட்டு நாவல். புதிதாகக் கல்யாணமான ஜோடி, காட்டோரமாக ஒரு வீட்டை மலிவாக வாங்குகிறது. வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை, பூட்டியே கிடக்கிறது. உள்ளேயிருந்து யாரோ மெதுவாகக் கதவைத் தட்டுகிறார்கள். பனி பெய்தால் பாதிப் புத்தகம் தானாக நிரம்பிவிடும் என்று நினைக்கிற எழுத்தாளர்களை எனக்குப் பிடிக்காது. இந்த ஆளும் அந்த ரகம்தான். ஆனால் அந்தத் தட்டலை எழுதத் தெரிந்தவர். படித்துக்கொண்டிருந்தபோது வெளியே மழை. பூட்டின அறையிலிருந்து எழுந்துவந்த குளிர் என் பாதத்தில் பட்டது போலவே இருந்தது. குளியலறைக்குப் பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

அந்த பயம் குறையாமல் வரிக்கு வரி தமிழாக்கிப் படித்து அனுப்பினேன். கதவு திறக்கிற இடத்தில் என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. என்ன சொல்லப்போகிறார்களோ என்று காத்திருந்தேன். பதில் வந்தது. முதலில் மிஷின் சத்தம், அப்புறம் செல்வி. பைக்கு உள்துணி தைப்பவள். ஒரே அறையில் மாமியார், மாமனார், புருஷன், இரண்டு பிள்ளைகளோடு குடித்தனம் பண்ணுகிறவள்.

“மாமி, ஒரு டவுட்டு. கீழ ஒரு ரூம்பு முழுசாக் கெடக்கு. தண்ணி வருது, லைட்டு இருக்குன்னு நீங்களே சொன்னீய. பேய்தான? அது ஒரு ஓரமா இருந்துட்டுப் போவுது. வாடகைக்குக் கேட்டா குடுப்பாவளா?”

சுவருக்கு அந்தப் பக்கம்

கார்கானாவில் ஒரே ஆண் காதர் பாய். தோல் வெட்டுகிறவர். ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்கார்வார். கதை கேட்பது பொம்பளைகள் சோலி என்பது அவர் கட்சி.

அந்த மாதம் படித்தது நகரத்து அடுக்குமாடியில் நடக்கிற கொலை. கொலைகாரன் அழைப்பு மணி அடித்து, கதவைத் திறந்தவளிடம் தண்ணீர் கேட்டு, குடித்து, கொன்றுவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறான். அந்தக் கழுவின டம்ளர் என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. எங்கள் கட்டடமும் அப்படித்தான், பழைய காலத்துத் தடிச் சுவர். எதிர்வீட்டுப் பெண்மணி இருக்கிறாளா இல்லையா என்பதையே அவள் வாசலில் கிடக்கும் பேப்பரை வைத்துத்தான் சொல்ல முடியும். படித்து முடித்ததும் கதவைத் திறந்து பார்த்தேன். பேப்பர் வாசலில் இல்லை. அப்பாடா என்று இருந்தது. பேப்பரைத்தான் விசாரிக்கிறேன், அவளை அல்ல என்பது அப்புறம்தான் உறைத்தது.

அன்றைக்குத்தான் காதர் பாய் முதல் முறையாகக் குரூப்பில் பேசினார்:

“நான் கேக்கல, காதுல விழுந்துச்சு. அந்தப் பொண்ணு அந்தக் கத்து கத்துதே, செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கவன் ‘ஏய், டிவியக் கொறை’ன்னுகூடவா சொல்ல மாட்டான்? என்ன ஊரு மாமி அது?”

நான் இருந்தும் இல்லாத மத்தியானம்

இதை நினைத்தால் இன்றைக்கும் கனவில் நடந்த மாதிரிதான் இருக்கிறது. ஒரு பேய் நாவல் போய்க்கொண்டிருந்தது. செத்தது தெரியாமல் தன் வீட்டுக்குள் நடமாடுகிற பெண். காபி போடுகிறாள், யாரும் குடிப்பதில்லை. கூப்பிடுகிறாள், யாரும் திரும்புவதில்லை. எழுதியவருக்கு இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை ‘அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள்’ என்று எழுதாவிட்டால் கை நடுங்கும் போலிருக்கிறது. ஆனாலும் அந்தப் பெண்ணிடம் எனக்கு ஒட்டுதல் வந்துவிட்டது. என் வீட்டிலும் நான் கூப்பிட்டு யார் திரும்புகிறார்கள்?

அன்று அத்தியாயத்தைக் காலையிலேயே அனுப்பிவிட்டு, தையல் விட்ட ஒரு பையை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். சந்துக்குள் நுழையும்போது தூறல். மேலே நீலத் தார்ப்பாய், அதன் வழியே இறங்கின வெளிச்சத்தில் எல்லாமே தண்ணீருக்குள் இருப்பது போல. ஏணிப்படியில் ஏறும்போதே ஒரு பெண் குரல் கேட்டது. நிதானமாக, கொஞ்சம் கரகரப்பாக, எங்கேயோ கேட்ட குரல். பாதிப் படியில்தான் தெரிந்தது, அது நான். வாசலில் நின்றேன். மிஷின்கள் நின்றிருந்தன. எல்லார் முகமும் அலமாரிப் பக்கம். ஒருத்தி ஊசியில் நூலைக் கோக்கப் போன கை அப்படியே அந்தரத்தில். அலமாரி மேலிருந்து நான், அந்தச் செத்த பெண் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு கவனமாக என்னை யாரும் கேட்டதில்லை. ஆனால் கேட்கப்பட்டுக்கொண்டிருந்தது நான் இல்லை. “சுலைகா” என்றேன். ஒருத்தரும் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். செல்வி, கண்ணை ஸ்பீக்கரிலிருந்து எடுக்காமல், கையை மட்டும் பின்னால் ஆட்டினாள்:

“ஷ்ஷ்! யாரு அது, சும்மா இருங்க. மாமி படிக்காவ.”

என் வீட்டுக் கதாநாயகர்

என் கணவர் ரிட்டயர் ஆன பிறகு மத்தியானத்தில் தூங்குகிறவர். நான் ஹாலில் போனுக்கு எதிரே உட்கார்ந்து, ‘ரத்தம் படிக்கட்டில் மெல்ல வழிந்தது’ என்று ஏற்ற இறக்கத்தோடு படித்தால் அவருக்கு எப்படித் தூக்கம் வரும்? நியாயம்தான். “ஏண்டி, ஊர்ல அவனவன் ஆத்துக்காரி லலிதா சகஸ்ரநாமம் படிக்கறா” என்று ஆரம்பித்து, படுக்கையறைக் கதவைப் படாரென்று சாத்துவார். அந்தப் படார் சத்தம் ரெக்கார்டிங்கில் விழுந்து, அங்கே ஆறு பேரும் அலறியிருக்கிறார்கள். கதையில் அந்த இடத்தில் கதவே கிடையாது.

ஒரு துப்பறியும் நாவலுக்கு நடுவில் எனக்குத் தொண்டை கட்டியது. இரண்டு நாள் படிக்கவில்லை. வீடு அமைதி. மனுஷர் நிம்மதியாகத் தூங்குவார் என்று பார்த்தால், புரண்டு புரண்டு படுக்கிறார். இரண்டாம் நாள் எழுந்து வந்து வெந்நீர் வைத்துக் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து செய்யாத காரியம். நான் சந்தேகத்தோடு பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“எனக்கு ஒண்ணும் இதுல இன்ட்ரஸ்ட் இல்லை. ஆனா அந்த டாக்டர்தான் பண்ணியிருப்பான், எழுதி வெச்சுக்கோ. சீக்கிரம் குடிச்சுட்டு மேல படி.”

தனியாகக் கேட்கக் கூடாது

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த நாவலானாலும் முதல் அத்தியாயம் முடிந்ததும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். யார் கொலைகாரன் என்று தெரிந்துகொண்டு, அப்புறம் சாவகாசமாக எல்லாரும் ஏமாறுவதைப் பார்ப்பேன். பொறுமை என்ற பாடத்தை எங்கள் கன்னிகாஸ்திரீகள் நடத்தியபோது நான் லீவு போல. என் தோழிகளே, உங்களில் பாதிப் பேர் இதைச் செய்கிறவர்கள்தான், மூஞ்சியைத் திருப்பிக்கொள்ள வேண்டாம்.

கார்கானாவில் சட்டம் நேர் எதிர். அத்தியாயம் போனில் வந்து விழுந்தாலும் ஒருத்தரும் தனியாகத் தொடக் கூடாது. எல்லாரும் வந்து, மிஷின் நின்று, டீ வந்த பிறகுதான் ஸ்பீக்கர். ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால் கதைக்கும் லீவு. செல்விதான் ஒரு தடவை ஆசை தாங்காமல் வீட்டில் காதில் மாட்டிக்கொண்டு முன்கூட்டியே கேட்டுவிட்டாள். மறுநாள் எல்லாரும் பயப்படும் முன்னாலேயே இவள் பயந்து காட்டிக்கொடுத்துவிட்டாள். அந்த வாரம் முழுக்கக் கீழே இறங்கி டீ வாங்கிவருவது அவள் பொறுப்பு. அந்தக் கோபத்தில் குரூப்புக்குப் பெயர் மாற்றியவளும் அவள்தான்.

நான் சுலைகாவிடம் கேட்டேன், “கதைதானே, அவரவர் சௌகரியத்துக்குக் கேட்டா என்ன குறைஞ்சு போறது?” அவள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள்:

“தனியாக் கேட்டா அது பயம் மாமி. சேந்து கேட்டாத்தான் கதை.”

பெண்கள் பெட்டி

கடைசியாக எடுத்த நாவல், மும்பை லோக்கல் ரயிலில் நடக்கிறது. கொலை இல்லை, ரத்தம் இல்லை. தினமும் ஒரே பெண்கள் பெட்டியில் ஏறுகிற ஒருத்தி. தினமும் பார்க்கிற அதே முகங்கள். பூக்கட்டுகிறவள், பட்டாணி உரிக்கிறவள், நின்றுகொண்டே தூங்குகிறவள். ஒரு நாள் பட்டாணிக்காரியைக் காணோம். “இங்கே உட்கார்வாளே?” என்று கேட்டால், “இங்கே யாரும் உட்கார்ந்ததில்லையே” என்கிறார்கள். அடுத்த நாள் இன்னொருத்தி. மறையும் ஒவ்வொருத்தியையும் ஞாபகம் வைத்திருப்பது இவள் ஒருத்திதான். நான் படித்ததிலேயே இதுதான் என்னை அதிகம் கலக்கியது. எழுதியவர் எங்கேயும் குரலை உயர்த்தவே இல்லை. ரயில் ஓடுகிறது, வெயில் ஜன்னல் கம்பி வழியே மடியில் விழுகிறது, பெட்டியில் காலி இடம் கூடிக்கொண்டே போகிறது. அவ்வளவுதான்.

முதல் அத்தியாயம் முடிந்து வழக்கம்போலக் கடைசிப் பக்கத்துக்குப் போன கை அன்றைக்கு நின்றது. ஏனென்று கேட்காதீர்கள். போகவில்லை.

பாதி நாவல் ஆனபோது கார்கானா இருந்த கட்டடத்தை இடிக்க நோட்டீஸ் வந்தது. நான் இங்கே மாட்டுங்காவில் உட்கார்ந்தபடி பதில்களைக் கேட்பேன். பேசுகிறவர்களுக்குப் பின்னால் ஓடும் மிஷின்களை எனக்கு இப்போது சத்தத்திலேயே தெரியும். செல்வியின் மிஷின் தடதடவென்று அவசரக்காரி. ஒரு நாள் அது இல்லை. குடித்தனத்தை செம்பூர்ப் பக்கம் மாற்றிக்கொண்டு போய்விட்டாளாம். வேலை அங்கேயே ஒரு துணிக்கடையில். அடுத்த வாரம் இன்னொரு சத்தம் இல்லை. காதர் பாயின் கத்தி பலகையில் விழும் ‘டக்’கும் போயிற்று; குர்லாவில் மருமகன் பட்டறையில் இருக்கிறார். எஞ்சியவர்கள் எங்கெங்கோ. போனவர்களும் கதை நேரத்துக்கு மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள், கடைசிக்கு முந்தின அத்தியாயம் வரைக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். எதிரொலி கூடிக்கொண்டே போயிற்று, ஒரு அறை மெதுவாகப் பெரிதாவது போல.

கடைசியில் சுலைகா மட்டும் பேசினாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஸ்பீக்கரைக்கூடக் கழற்றிவிட்டாளாம், போனைக் கையில் வைத்துக்கொண்டு காலி அறையில் நிற்கிறாள். கடைசி அத்தியாயத்தை இப்போதே படித்து அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் மாமி, அனுப்பாதீய. எல்லாரும் இல்லாம நான் மட்டும் கேட்டா, அந்த ரயில்ல நானே ஒத்தையா உக்காந்திருக்க மாதிரி இருக்கும்.”

மிக்ஸிக்குப் பக்கத்தில்

அந்த நாவல் இப்போது சமையலறையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கடைசி அத்தியாயம் தொடங்கும் இடத்தில் அடையாளத்துக்கு, செல்வி பைக்குத் தைக்கும் உள்துணியில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். ஜிப் மாற்றின அன்றைக்கு என் பைக்குள் தவறி விழுந்தது. ஆயுளில் முதல் முறையாக, முடிவு தெரியாத ஒரு புத்தகத்தோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறேன். சட்னி அரைக்கும்போது அது அதிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்கிறது. நான் பழையபடி தள்ளி வைக்கிறேன். திறப்பதில்லை. புதிதாக வாங்கின இரண்டு திகில் நாவல்கள் அலமாரியில் இருக்கின்றன. படித்துப் பார்த்தேன். சத்தமில்லாமல் படித்தால் பேய் பேசுவதே இல்லை. மத்தியானத்தில் ஹாலில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறேன். வெயில் நாற்காலி நாற்காலியாக நகர்ந்து போகிறது. யாரும் உட்காராத நாற்காலிகள்.

இத்தனை நாளில் அவர்களில் ஒருத்தர்கூட என் வீட்டுக்கு வந்ததில்லை. நான் கூப்பிட்டதும் இல்லை, தோன்றவும் இல்லை. என் குரல் மட்டும் தினமும் அவர்கள் கார்கானாவுக்குப் போய் வந்துகொண்டிருந்தது, அதிலேயே எனக்குத் திருப்தி. போன வாரம் கணவரிடம், எல்லாரையும் இங்கேயே வரச்சொல்லி, ஹாலில் உட்காரவைத்து, கடைசி அத்தியாயத்தை நேரிலேயே படிக்கப் போகிறேன் என்றேன். ஏதாவது சொல்லட்டும், ஒரு கை பார்க்கலாம் என்று இடுப்பில் கைவைத்து நின்றேன். அவர் பேப்பரை மடித்தார். ஹாலை ஒரு தடவை கண்ணால் அளந்தார்.

“மேலாத்துலேர்ந்து நாற்காலி கேட்டு வாங்கிண்டு வரட்டுமா? அந்த பாய் முதுகைக் காட்டிண்டுதான் உட்காருவார்னியே, அவருக்கு ஜன்னலோரமாப் போடறேன்.”

குரூப்பில் குரலில் சொல்லி அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நிற்கிறது. செல்வியின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது ஒரு இந்திக்காரியின் குரல். சுலைகாவின் போன் அடிக்கிறது, எடுப்பதில்லை. அந்தச் சந்துக்குப் போனேன், தகரம் அடைத்திருந்தார்கள். பக்கத்து டீக்கடைக்காரர், “இங்கே பை தைக்கிறவங்களா? நான் புதுசு, எனக்குத் தெரியாதே” என்றார். நாவலில் இதை எழுதியிருந்தால், மிகை என்று மார்ஜினில் பென்சிலால் கிறுக்கியிருப்பேன்.

எத்தனையோ நாவல்களில் ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவதை முறுக்கும் காபியுமாக ரசித்தவளுக்கு, அந்தக் கதைகளில் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாத்திரமும் ஒன்று உண்டு என்பது இப்போதுதான் தெரிகிறது.

இன்று மத்தியானம் மறுபடியும் போனை எதிரில் வைத்துக்கொண்டேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அத்தியாயம் படிக்கிற அதே குரலில் சொன்னேன்:

“சுலைகா, செல்வி, காதர் பாய், எல்லாருக்கும்தான். நான் இன்னும் கடைசிப் பக்கத்தைப் பாக்கலை, சத்தியமாப் பாக்கலை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் நம்ம ஆத்துக்கு வாங்கோ. டீ நான் போடறேன், செல்வி வாங்கிண்டு வர வேண்டாம். வரேளா இல்லையான்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கோ.”